பதினோராவது ஜாயின்ட்

குருவுக்கு வயது முப்பத்தேழு. சீடருக்கு ஐம்பத்தொன்று.

வேலூரில் காட்பாடி சாலையில் கார்களுக்கு ஏசி பார்க்கும் கடை ஒன்று இருந்தது. குரு இலியாஸ் பாய் அதை நடத்தி வந்தார். சீடர் குணசீலன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் செக்கராக இருந்தவர். நாளொன்றுக்கு அறுநூறு ஜோடி அவர் கைக்கு வரும். மற்றவர்கள் தைத்த தையலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஆகும், ஆகாது என்று பிரித்துப் போடுவார். கம்பெனி மூடிய பிறகு ஐந்து வருடமாக இங்கே வேலை கற்றுக்கொண்டிருந்தார்.

இலியாஸ் பாய் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். பதினான்கு வயது மூத்தவரிடம் அதட்டிப் பேச அவருக்கு வராது.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஏசியில் இரண்டு குழாய்கள் சேரும் இடத்தை ஜாயின்ட் என்பார்கள். அங்கே ஒரு ரப்பர் வளையம் போடவேண்டும். போடும் முன் அதற்குக் கம்ப்ரஸர் எண்ணெயை மோதிர விரலால் தொட்டுத் தடவவேண்டும். எண்ணெய் காணாத வளையம் முறுக்கும்போது மடங்கிவிடும். அன்றைக்குத் தெரியாது. ஒரு மாதம் போனால் தெரியும்.

"ஏன் பாய் மோதிர விரல்?" என்று முதல் நாள் கேட்டார் குணசீலன்.

"மத்த நாலும் அழுக்கு வேலை செய்யுது அண்ணே. அது ஒண்ணுதான் சும்மா இருக்கு."

ஒவ்வொரு ஜாயின்ட்டும் முறுக்கி முடிந்ததும், பாய் கடையின் எந்த மூலையில் இருந்தாலும் அங்கிருந்தே கேட்பார்.

"தொட்டீங்களா?"

"தொட்டேன்."

அந்தக் கேள்விக்கு அந்தக் கடையில் அந்த ஒரு பதில்தான். ஐந்து வருடமும் அதுதான்.

மாசி மாதம் தணிகாசலத்தின் வண்டி வந்தது. குடியாத்தம் பக்கத்து டாக்ஸி. பைபாஸில் லாரி தெறிக்கவிட்ட கல் பட்டு, முன்னால் இருக்கும் கண்டென்ஸர் ஓட்டையாகிவிட்டது. ஏசி போட்டால் சூடான காற்று வந்தது. பழைய கண்டென்ஸரைக் கழற்றிப் புதியதை மாட்டும் வேலை குணசீலனுக்கு வந்தது.

கண்டென்ஸருக்கு இரண்டு ஜாயின்ட். மேலே ஒன்று, பம்பருக்கு அடியில் கீழே ஒன்று. மேலே உள்ளதற்கு எண்ணெய் தொட்டுப் போட்டார். கீழே உள்ளதற்கு மல்லாந்து படுத்து உள்ளே நுழைந்தார். வளையம் கையில் இருந்தது. எண்ணெய் பாட்டில் மேஜை மேல் இருந்தது. முழங்கால் வலித்தது. எழுந்து போய் வந்தால் மறுபடி நுழையவேண்டும்.

வளையத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை துடைத்துப் போட்டு முறுக்கினார்.

"தொட்டீங்களா?"

"ம்," என்றார் குணசீலன்.

வண்டிக்கு அடியிலிருந்து பார்த்தால் பாயின் செருப்புகள் மட்டும் தெரிந்தன. அவை இரண்டு அடி இந்தப் பக்கம் வந்தன. நின்றன. பிறகு வந்த வழியே திரும்பிப் போயின.

அன்று வண்டி நன்றாகக் குளிர்ந்தது. சாயங்காலத்துக்குள் குணசீலன் அதை மறந்துவிட்டார்.

முப்பத்தொரு நாள் கழித்துத் தணிகாசலம் திரும்ப வந்தான்.

"சார், அனல் அடிக்குது சார். ஹீட்டர் போட்டா மாதிரி கீது."

கேஸ் குறைந்திருந்தது. குணசீலன் கேஸ் ஏற்றினார். குளிர்ந்தது. அனுப்பினார்.

பதினேழு நாள் கழித்து மறுபடியும் வந்தான். மறுபடியும் கேஸ் குறைவு. மறுபடியும் ஏற்றினார்.

ஒன்பது நாளில் மூன்றாம் முறை. அது ஒரு செவ்வாய்க்கிழமை. பின் சீட்டில் ஒரு பெண்மணி சாய்ந்திருந்தார். வயது ஐம்பத்தெட்டு இருக்கும். முகம் வீங்கியிருந்தது. இடது கையில் பிளாஸ்திரி. வாயில் ஒரு ஐஸ் துண்டை அடக்கி வைத்திருந்தார்.

"பங்கஜவல்லி டீச்சர் சார்," என்றான் தணிகாசலம். "எனக்கு எட்டாவதுல கணக்கு எடுத்தவங்க. கிட்னி ரெண்டும் போயிடுச்சு. செவ்வா, வியாழன், சனி டயாலிசிஸ். நான்தான் இட்டுக்கினு போய் இட்டுக்கினு வர்றேன்."

டீச்சர் மடியில் ஒரு பாட்டில் இருந்தது. அதில் பேனாவால் போட்ட ஏழு கோடுகள் இருந்தன.

"ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி," என்றார் டீச்சர், குணசீலன் பாட்டிலைப் பார்ப்பதைக் கவனித்து. "சாப்பாட்டுல இருக்கறதும் சேர்த்து. அதுக்கு மேல போனா நுரையீரல்ல நிக்கும்னு டாக்டர் சொல்லியிருக்கார். வண்டி குளுகுளுன்னு இருந்தா இதுவே தாராளம். இப்படி வெந்தா என்ன பண்றது?"

"இதோ பத்து நிமிஷம் டீச்சர். கேஸ் ஏத்திடறேன்."

"போன தடவையும் அதான் ஏத்துனீங்களாம். அது எங்க போச்சு?"

"ஓட ஓடத் தேய்ஞ்சு போயிடும் டீச்சர்."

"தேயறதுக்கு அது என்ன சோப்பா?"

தணிகாசலம் சிரித்தான். டீச்சர் அவன் பக்கம் திரும்பினார்.

"நீ சிரிக்காத. முப்பத்தொண்ணு. பதினேழு. ஒன்பது. அடுத்து என்ன வரும்?"

"தெரியலயே டீச்சர்."

"எட்டாவதுலயும் இதே பதில்தான். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய பாதியா குறையுது பாரு. அடுத்தது நாலு. ரொம்பப் போனா அஞ்சு." பிறகு குணசீலனிடம், "எல்லா இடமும் பார்த்தாச்சா சார்?" என்று கேட்டார்.

"பார்த்தாச்சு டீச்சர்."

கேஸ் ஏற்றினார். குளிர்ந்த காற்று பின் சீட்டுக்கு வந்ததும் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டிலை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

வண்டி போன பிறகு குணசீலன் குருவிடம் போனார்.

"பாய், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க அண்ணே."

"கம்ப்ரஸர் நல்லா இருக்கு. ஃபேன் ஓடுது. கேஸ் போட்டா குளிருது. ஆனா ஏன் திரும்பத் திரும்ப சூடு வருது?"

"கேஸ் பெட்ரோல் இல்லை அண்ணே, எரிஞ்சு தீர்றதுக்கு. அது பாட்டுக்கு உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும். போகுதுன்னா ஏதோ ஒரு வழியாத்தான் போகுது."

"எந்த வழியா?"

"வண்டி வரட்டும். பார்ப்போம்."

"நாளைக்கே வரச் சொல்லட்டுமா?"

இலியாஸ் பாய் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"இப்பதானே கேஸ் போட்டீங்க. நிக்கற வரைக்கும் நிக்கட்டும்," என்றார்.

சனிக்கிழமை கத்திரி தொடங்கியது. கடை வாசலில் தார் இளகி டயர் தடம் பதிந்தது. அன்று தணிகாசலம் வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. டீச்சர் கணக்கு தப்பிவிட்டது என்று குணசீலன் நினைத்துக்கொண்டார். மனதுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

பதிமூன்றாம் நாள், திங்கட்கிழமை, வண்டி வந்தது. பின் சீட் காலி.

"எத்தனை நாள் நின்னுது?" என்று கேட்டார் குணசீலன்.

"நாலு நாள் சார். சனிக்கிழமை போயிடுச்சு."

"அப்பவே வர வேண்டியதுதானே?"

"வர முடியல சார்."

"சரி, பத்து நிமிஷம். கேஸ்..."

"அவசரம் இல்ல சார். பொறுமையாவே பாருங்க."

இலியாஸ் பாய் எழுந்து வந்தார். பானெட்டைத் திறந்தார். மீதியிருந்த கேஸை எடுத்துவிட்டு, சிலிண்டரிலிருந்து நைட்ரஜன் ஏற்றி அடைத்தார். அழுத்தம் காட்டும் கேஜில் முள் எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். ஒரு மக்கில் சோப்புத் தண்ணீர் கரைத்து, பெயின்ட் அடிக்கும் சின்ன பிரஷ்ஷோடு குணசீலன் கையில் கொடுத்தார்.

"எத்தனை ஜாயின்ட் அண்ணே?"

"வெளியில பதினொண்ணு. கம்ப்ரஸர்ல ரெண்டு, கண்டென்ஸர்ல ரெண்டு, டிரையர்ல ரெண்டு, வால்வுல ரெண்டு, கேஸ் ஏத்தற வாய் ரெண்டு, பிரஷர் சுவிட்ச் ஒண்ணு."

"தடவுங்க. எங்க நுரை வருதோ அதான் வழி."

குணசீலன் கம்ப்ரஸரில் தொடங்கினார். ஒவ்வொன்றிலும் நுரையைத் தடவி, முகத்தைக் கிட்டே கொண்டுபோய், இருபது எண்ணும்வரை பார்த்தார். ஷூ பார்த்த கண். ஒரு குமிழி வந்தாலும் தப்பாது. எங்கும் வரவில்லை.

"முடிஞ்சது பாய். எங்கயும் லீக் இல்லை."

பாய் கேஜைக் காட்டினார். முள் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

"எத்தனை பார்த்தீங்க?"

"பதினொண்ணு."

"இன்னொரு தடவை."

குணசீலன் திரும்பவும் கம்ப்ரஸரில் தொடங்கினார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. வாய்விட்டு எண்ணினார். கண்டென்ஸரில் வந்து, "மூணு, நாலு" என்று சேர்த்தே சொன்னார். கடைசியில் பதினொன்று என்று முடித்தார்.

"இல்லை பாய். டாஷ்போர்டுக்குள்ள ரெண்டு இருக்கு. அங்கதான் கேஸ் போகணும். பிரிச்சுடலாமா?"

"எத்தனை அண்ணே?"

"பதினொண்ணுதான் பாய். வேணும்னா நீங்களே எண்ணிக்கோங்க."

பாய் எண்ணவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தணிகாசலம் கடை வாசலில் குந்தியிருந்தான். அவன் இருந்த இடத்திலிருந்து வண்டியின் முன்பக்கம் கீழிருந்து தெரிந்தது.

"சார், தப்பா நினைக்காதீங்க," என்றான். "எனக்கு இந்த வேலை தெரியாது. எல்லாத்துக்கும் தண்ணி தடவி நனைஞ்சு கீது. பம்பர் கீழ அது ஒண்ணு மட்டும் காஞ்சு கீதே. அதுவும் இந்த லைன்தானா?"

குணசீலன் கையில் பிரஷ் நின்றது.

"அது... அது நான் போட்டது," என்றார்.

நைட்ரஜன் சிலிண்டரின் நிழல்கூட அசையாத மத்தியானம்.

குணசீலன் மல்லாந்து படுத்து உள்ளே நுழைந்தார். மாசியில் நுழைந்த அதே இடம். முழங்கால் அதே இடத்தில் வலித்தது. பிரஷ்ஷைக் கீழ் ஜாயின்ட்டில் வைத்தார்.

இருபது எண்ண வேண்டியிருக்கவில்லை. மூன்று எண்ணுவதற்குள் குமிழி வந்தது. பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக, கொத்தாக, சோறு பொங்குவது போல வந்தது.

பாய் உள்ளே இருந்த நைட்ரஜனை வெளியேற்றினார். குணசீலன் ஜாயின்ட்டைக் கழற்றி வளையத்தை எடுத்தார். ஒரு பக்கம் மடங்கி, மடிப்பில் கிழிந்திருந்தது. எண்ணெய்ப் பசையே இல்லை. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

புது வளையம் எடுத்தார். மேஜைவரை நடந்து போனார். மோதிர விரலால் எண்ணெய் தொட்டார். சுற்றிலும் தடவினார். மறுபடி உள்ளே நுழைந்து மாட்டி முறுக்கினார்.

கேள்விக்குக் காத்திருந்தார்.

வண்டிக்கு வெளியே பாயின் செருப்புகள் பக்கத்திலேயே இருந்தன. கேள்வி வரவில்லை.

"தொட்டேன்," என்றார் குணசீலன், வண்டிக்கு அடியிலிருந்து.

பாயின் செருப்புகள் சிலிண்டர் பக்கம் நடந்தன.

மறுபடியும் நைட்ரஜன் ஏற்றிப் பார்த்தார்கள். அரைமணி நேரம் முள் சாக்பீஸ் கோட்டை விட்டு அசையவில்லை. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்ச நாற்பது நிமிடம் வேக்குவம் போட்டார்கள். கேஸை எடை பார்த்து ஏற்றினார்கள். இன்ஜின் ஓடியது. டாஷ்போர்டில் காற்று வரும் துவாரத்தில் தெர்மாமீட்டர் வைத்தார் குணசீலன். இருபது, பதினைந்து, பத்து என்று இறங்கி ஏழில் நின்றது. வண்டிக்குள் தலையை நீட்டினால் முகத்து வியர்வை அப்படியே உறைவது போல இருந்தது.

"ஏழு டிகிரி," என்றார் குணசீலன். அவர் குரலில் வெகு நாளைக்குப் பிறகு கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. "இனிமே போகாது தணிகா. நான் ஜவாப்தாரி. நாளைக்கு டீச்சரைத் தைரியமா கூட்டிக்கிட்டுப் போ."

தணிகாசலம் காற்று வரும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தான். கையை எடுக்கவில்லை.

"டீச்சர் இல்ல சார்."

"ஏன், வேற வண்டி வச்சுட்டாங்களா?"

"வேற வண்டி இல்ல சார். டீச்சரே இல்ல."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு சனிக்கிழமை டயாலிசிஸ் முடிச்சிட்டு வரோம். பள்ளிகொண்டா தாண்டுறதுக்குள்ள ஏசி போயிடுச்சு. கண்ணாடியை இறக்கினா வெளிய அதுக்கு மேல அனல். ஒரு மணி நேரம் சார். பாட்டில்ல ஏழு கோடும் முடிஞ்சுபோச்சு. தணிகா, தணிகான்னு கேட்டாங்க. என்கிட்ட ரெண்டு பாட்டில் இருந்துச்சு." அவன் கையைத் திருப்பி உள்ளங்கையைக் காற்றில் காட்டினான். "எனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவங்க சார். தண்ணி கேக்கறாங்க. இல்லன்னு எப்படி சொல்றது? நான்தான் குடுத்தேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பிச்சுதாம். அடுத்த டயாலிசிஸ் செவ்வாக்கிழமைதான். திங்கக்கிழமை விடியறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

குணசீலன் கார் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நான் குடுத்திருக்கக் கூடாது சார்," என்றான் தணிகாசலம். "ரெண்டாவது பாட்டிலையாவது."

குணசீலனின் கை சட்டைப் பையிலிருந்த வளையத்தைத் தொட்டது.

"அப்புறம் ஏன்பா இப்ப ஏசி?" என்று கேட்டார் இலியாஸ் பாய்.

"வண்டியை வித்துடலாம்னு பாய். அந்தப் பின் சீட்டைப் பார்த்துக்கினு ஓட்ட முடியல. ஏசி இல்லன்னா எவன் வந்து பார்ப்பான், இந்த வெயில்ல?" கதவைத் திறந்து உட்கார்ந்தான். "நல்லா குளிருது சார். ரொம்ப நல்லா குளிருது."

கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு போனான்.

கடையில் அதற்குப் பிறகு வேலை இல்லை. இலியாஸ் பாய் கேஜின் மூன்று ரப்பர் குழாய்களையும் ஒவ்வொன்றாகச் சுருட்டினார். குணசீலன் ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து வளையத்தை எடுத்தார். ஷூவைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாய்."

"சொல்லுங்க அண்ணே."

"மாசியில நீங்க கேட்டப்ப, நான் தொட்டேன்னு சொல்லலை."

பாய் இரண்டாவது குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ம்னுதான் சொன்னேன்."

பாய் மூன்றாவது குழாயை எடுத்தார்.

"உங்க செருப்பு ரெண்டு அடி வந்துச்சு. நான் பார்த்தேன். அப்புறம் திரும்பிடுச்சு."

"நீங்க என்னைவிட வயசுல பெரியவங்க அண்ணே," என்றார் பாய், குழாயைப் பார்த்துக்கொண்டே.

குணசீலன் வளையத்தை உள்ளங்கையில் வைத்து மூடினார். பிறகு கேட்டார்.

"அன்னைக்கு நான் சொன்னதை நீங்க நம்புனீங்களா பாய்?"

பாயின் கை நின்றது. குழாய் பாதிச் சுருளில் தொங்கியது.

"ம்," என்றார் இலியாஸ் பாய்.